சோற்றுப் பானையைத் திட்டாதீர்கள், பில்லைப் படியுங்கள்!



சில மாதங்களுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் 'மின்சாரத்தைச் சேமிக்கும் வழிகள்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். வழக்கமான விடைகள்தாம் வந்தன. விளக்கை அணைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். குளிர்பதனப் பெட்டியை அடிக்கடி திறக்கக்கூடாது. ஒரு மாணவி மட்டும் தன் வீட்டுக் கதையை எழுதியிருந்தாள். அம்மா ரைஸ் குக்கரில் சோறு சமைப்பதால் கரண்டு பில் ஏறுகிறதாம். அப்பா கோபங்கொண்டு அதை அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டாராம். அதனால் அம்மா அதிகாலை நான்கு மணிக்கே எழுந்து, கேஸ் அடுப்பின் முன்னால் நின்று சோறு வடித்துவிட்டு, ஐந்தரை மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்கிறாராம். "இவ்வாறு எங்கள் குடும்பம் மின்சாரத்தைச் சேமிக்கிறது" என்று முடித்திருந்தாள்.

எழுத்துப்பிழை இரண்டே இரண்டு. பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டேன். 'நன்று' என்றும் எழுதினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த 'நன்று' என்னை உறுத்தத் தொடங்கியது. எது நன்று? ஒரு தாயின் ஒன்றரை மணி நேர உறக்கம் பறிபோனதா? அதற்கு ஈடாக அந்தக் குடும்பம் எத்தனை சென் சேமித்தது? இந்தக் கேள்வியை அந்தப் பிள்ளையிடம் நான் கேட்கவில்லை. எனக்கே விடை தெரியாது என்பதுதான் காரணம். ஆண்டுதோறும் மின்சாரச் சேமிப்புச் சுவரொட்டிப் போட்டியை முன்னின்று நடத்துகிறவள் நான். எரியும் மின்விளக்குக்குக் கண்ணும் வாயும் வரைந்து அழ வைத்த ஓவியங்களுக்குப் பரிசும் கொடுத்திருக்கிறேன். ஆனால், ஒரு பானைச் சோறு வேக எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று ஒரு நாளாவது கணக்குப் போட்டேனா? இல்லை. நீங்கள் போட்டிருக்கிறீர்களா?

ரைஸ் குக்கருக்கும் கெட்டிலுக்கும் நம் வீடுகளில் இந்த அவப்பெயர் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் இளமைக்காலம் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத்து லயத்தில் கழிந்தது. 1980களில் எங்களுக்கு மின்சாரம் என்றால் ஜெனரேட்டர்தான். மாலையில் ஓடத் தொடங்கும். இரவு பத்து மணியளவில் நின்றுவிடும். எவராவது இஸ்திரிப் பெட்டியை மாட்டினால் லயம் முழுவதும் விளக்கு மங்கும். மின்சாரத்தில் தண்ணீர் சூடாக்க முயன்ற ஒரு வீட்டை மறுநாள் கிராணி கூப்பிட்டுக் கண்டித்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்தச் சூழலில் அந்தக் கண்டிப்பு நியாயமானதுதான். இருந்த மின்சாரம் எல்லாருக்கும் பொது. அடுப்பு வேலைக்கு அது போதாது.

இதே பேராக்கில், பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணை 1930-இல் இயங்கத் தொடங்கிவிட்டது என்பது வேறு கதை. அந்த மின்சாரம் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களை நோக்கி ஓடியது. எங்கள் லயங்களுக்கு வந்து சேர அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அதுவரை எங்கள் அம்மாக்களுக்குப் பால்மர விறகும் மண்ணெண்ணெய் அடுப்பும்தான். விறகு இலவசம் என்பார்கள். சொன்னவர் எவரும் அதைச் சுமந்ததாக எனக்கு நினைவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனையாக மாறின, வீடமைப்புத் திட்டங்களாயின. நாம் புந்தோங்குக்கும் மெங்லெம்புவுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தோம். இப்போது சுவரில் தெனாகாவின் மீட்டர் இருக்கிறது. ஆனால் நம் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது இன்னும் அந்த ஜெனரேட்டர்தான்! 'கரண்டில் சமைத்தால் பில் எகிறும்' என்பது ஆராய்ந்து கண்ட உண்மையன்று. லயத்திலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த அச்சம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஏறத்தாழ ஐம்பது ரிங்கிட்டுக்குச் சுவர்ப் பிளக்கில் மாட்டும் சிறிய மீட்டர் ஒன்று வாங்கினேன். எந்தக் கருவியை அதில் செருகினாலும் எத்தனை யூனிட் செலவாயிற்று என்று காட்டும். யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. அதாவது ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் முழுவேகத்தில் ஓடினால் ஆகும் செலவு. வாட்டை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. நேரத்தால் பெருக்கினால்தான் முழுக் கணக்கு. தசமப் பெருக்கல், நேரம், பணம் மூன்றும் நம் கணிதப் பாடத்தில் இருப்பவைதாமே?

எங்கள் வீட்டு ரைஸ் குக்கர் 700 வாட். நால்வருக்கான சோறு வேக அரை மணி நேரம். 0.35 யூனிட். அவ்வளவுதான்! கெட்டிலோ 2200 வாட் என்று பயமுறுத்தும். ஆயினும் ஒரு லிட்டர் தண்ணீரை மூன்று நிமிடத்திற்குள் கொதிக்க வைத்துவிட்டுத் தானே நின்றுவிடுகிறது. செலவு 0.1 யூனிட். மைக்ரோவேவில் ஒரு தட்டுச் சோற்றை இரண்டு நிமிடம் சூடாக்க 0.04 யூனிட். ஏர் ஃபிரையரில் 1500 வாட் என்று எழுதியிருக்கிறது. இருபது நிமிடம் கோழி பொரிக்க என் மீட்டர் காட்டியது 0.38. சூடு ஏறியதும் அது விட்டுவிட்டுத்தான் எரிகிறது. அதே கோழியைப் பெரிய ஓவனில் வைத்தபோது, வெறும் ஓவனைச் சூடாக்கும் நேரத்தையும் சேர்த்து, ஒரு யூனிட்டை நெருங்கிவிட்டது.

இனி எதிர்ப்பக்கம். பசார் மாலாமில் ஒரு விற்பனையாளர் மெதுவாக வேகவைக்கும் மின்பானை ஒன்றைக் காட்டி, "இருநூறு வாட்தான் அக்கா, கரண்டே சாப்பிடாது" என்றார். எட்டு மணி நேரம் அது முழுவேகத்தில் ஓடினால் 1.6 யூனிட். ஊறவைத்த கொண்டைக் கடலையை 1000 வாட் மின் பிரஷர் குக்கரில் வேகவைத்தபோது எனக்கு ஆனது 0.3 யூனிட்தான். அந்த மின்பானையைக் குறை சொல்லவில்லை; எலும்பு சூப்புக்கு அது நல்லதுதான். ஆனால் வாட் குறைவு என்பதையே சேமிப்பு என்று சொல்லி விற்கிறார்களே, அதைத்தான் நான் மறுக்கிறேன். நெடுஞ்சாலையில் எவன் வேகமாகப் போனான் என்பதைக் கொண்டு எவன் அதிகத் தூரம் போனான் என்று முடிவு செய்வது போன்றது இது.

இன்னொரு மோசடியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளக்கில் செருகினாலே பில் முப்பது, நாற்பது விழுக்காடு குறையும் என்று சிறிய பெட்டிகளை விற்கிறார்கள். உள்ளே பெரும்பாலும் ஒரு மின்தேக்கியும் ஒரு சிறு விளக்கும்தான் இருக்கும். வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது நாம் உண்மையாகப் பயன்படுத்தும் ஆற்றலை. அந்தப் பெட்டி அதில் எதையும் குறைப்பதில்லை. என் சக ஆசிரியர் இருவரின் வீட்டிலும் அது பச்சை விளக்கு எரியக் குந்தியிருக்கிறது. படித்தவர்கள் நாம்!

கேஸ் மலிவு, மின்சாரம் விலை அதிகம் என்பது அடுத்த நம்பிக்கை. இது பாதி உண்மை. எந்த வீட்டுக்கு உண்மை, எந்த வீட்டுக்குப் பொய் என்பதுதான் சுவையான பகுதி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மானிய விலையில் எரிவாயு கிலோ 1.90 ரிங்கிட், 14 கிலோ தோம்பு 26.60 ரிங்கிட். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலி தனி. ஒரு கிலோ எரிவாயுவில் ஏறத்தாழ 12.8 யூனிட் வெப்பம் அடங்கியுள்ளது. அப்படியானால் ஒரு யூனிட் வெப்பம் 15 சென்தான். மலிவாகத்தான் தெரிகிறது. ஆனால் திறந்த அடுப்பின் தீயில் பாதிக்கு மேல் பானையின் பக்கவாட்டில் ஏறி அடுப்பங்கரையைத்தான் சூடாக்குகிறது. பானைக்குள் போவது நாற்பது விழுக்காடு என்று வைத்தால், உண்மையில் சமையலுக்குப் பயன்பட்ட ஒரு யூனிட்டின் விலை 37 சென். கெட்டிலிலும் இண்டக்ஷன் அடுப்பிலும் ஏறத்தாழ எண்பத்தைந்து விழுக்காடு பாத்திரத்துக்குள் போய்விடுகிறது.

இப்போது மின்சாரத்தின் விலை. 2025 ஜூலை முதல் தீபகற்பத்தில் புதிய கட்டண முறை. வீடுகளுக்கு ஆற்றல், கொள்ளளவு, கட்டமைப்பு ஆகிய மூன்றையும் கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென். அதிலிருந்து சிக்கன ஊக்கத்தொகை கழிக்கப்படுகிறது. மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு. பயன்பாடு ஏற ஏறக் கழிவு குறையும். 451 முதல் 500 யூனிட் வரை 12 சென். 751 முதல் 800 வரை 4 சென். ஆயிரத்தைத் தாண்டினால் கழிவே இல்லை. 600 யூனிட்டைத் தாண்டும் வீடு மாதம் பத்து ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் கட்ட வேண்டும்.

ஆகவே மாதம் 180 யூனிட் பயன்படுத்தும் சிறிய வீட்டுக்கு ஒரு யூனிட் 19.43 சென். கெட்டிலில் வீணாவதையும் சேர்த்தால் 23 சென். கேஸோ 37 சென்! அந்த வீட்டில் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்க வைப்பதுதான் மலிவு. 500 யூனிட் ஓடும் வீட்டில் இந்தக் கணக்கு 38 சென். கேஸும் கரண்டும் சமம். இரண்டு மூன்று அறைகளில் குளிரூட்டி ஓடி 800 யூனிட்டை எட்டும் வீட்டில் 48 சென்; அங்கேதான் கேஸ் மலிவு. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? வசதியான வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு பளபளக்கிறது. அடுக்குமாடியில் தனியாக வாழும் பாட்டி, 'கரண்டு காசு' என்று அஞ்சி, ஒரு குவளைக் கோப்பிக்குக் கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கிறார். எந்தச் சுவரொட்டிப் போட்டியாவது அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததா?

அந்த மாணவியின் வீட்டுக்கு வருகிறேன். அடுத்த வாரம் வகுப்பில் எல்லாரையும் மின்கட்டணப் பில் கொண்டுவரச் சொன்னேன். பெயரையும் முகவரியையும் மறைத்துவிடச் சொன்னேன். யார் வீட்டுப் பில் கூடுதல் என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்துவிடக் கூடாது அல்லவா? அவள் கொண்டுவந்த பில்லில் 380 யூனிட், 104 ரிங்கிட் சொச்சம். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்த வீட்டுக்கு அப்போது ஒரு யூனிட் 27.43 சென். அலமாரி உச்சியில் வைக்கப்பட்ட குக்கர் ஒரு வேளைக்கு எடுத்தது 0.35 யூனிட், 9.6 சென். மாதம் முழுவதும் மூன்று ரிங்கிட்டுக்கும் குறைவு. அதே சோறு கேஸில் வேக ஏறத்தாழ 10.4 சென். எனவே சேமிப்பு ஒன்றுமில்லை. ஒரு சென் நட்டம்! அந்த ஒரு சென் நட்டத்துக்காக ஒரு பெண் இருட்டில் எழுந்து அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தார். நானோ அதற்குப் பத்துக்கு எட்டுக் கொடுத்திருந்தேன்.

அப்படியானால் 104 ரிங்கிட் எங்கே போயிற்று? பிள்ளைகளே கரும்பலகையில் போட்டார்கள். குளியலறை நீர்ச்சூடேற்றி 3600 வாட். ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் 0.6 யூனிட்; நால்வர் நாளுக்கு ஒரு முறை என்றால் மாதம் 72 யூனிட். ஈப்போ வெயிலில் வெந்நீர் எதற்கு என்று ஒருவன் கேட்டான். அவன் வீட்டிலும் அது இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்ல, உட்கார்ந்துவிட்டான். படுக்கையறைக் குளிரூட்டி ஒரே ஓர் இரவுக்கு நான்கு ஐந்து யூனிட். மாதம் 120 முதல் 150. வகுப்பு அமைதியாகிவிட்டது. ரைஸ் குக்கரின் பத்தரை யூனிட் அந்தக் கரும்பலகையின் மூலையில் பரிதாபமாக இருந்தது.

பெற்றோர்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். வீட்டில் பில் ஏறினால் முதலில் யாரைக் கேட்கிறோம்? அடுப்பங்கரையில் இருப்பவரை. ஏன்? அவர் பயன்படுத்தும் கருவிகள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆவி விடுகின்றன, சத்தம் போடுகின்றன. குளிரூட்டி ஓசையின்றி உண்கிறது. அதன் ரிமோட் பெரும்பாலும் யார் கையில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிக்கனம் என்ற பெயரில் நாம் குறைப்பது மின்சாரத்தையா, அல்லது வீட்டில் குரல் குறைந்தவரின் ஓய்வையா?

அதற்காக அடுப்பங்கரை முழுவதும் குற்றமற்றது என்று நான் வாதாட வரவில்லை. அங்கேயும் திருடன் உண்டு. அவன் பெயர் 'வார்ம்'. சோறு வெந்தபின் குக்கரைச் சூடு காக்கும் நிலையில் பத்து மணி நேரம் விட்டால், 40 வாட் கணக்கில் 0.4 யூனிட். சமைத்ததைவிடக் கூடுதல்! குக்கரின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களுக்கு நீங்கள் அதை எத்தனை மணி நேரம் வார்மில் விடுகிறீர்கள் என்பது தெரியாது. அவனுக்கு அண்ணன் ஒருவன் இருக்கிறான்: இருபத்து நான்கு மணி நேரமும் வெந்நீரைத் தயாராக வைத்திருக்கும் தெர்மோ பாட். வகுப்பில் ஒரு நாள் முழுதும் அதை என் மீட்டரில் மாட்டி வைத்தோம். ஏறத்தாழ ஒரு யூனிட். மாதம் 30. நம் பாட்டிமார்கள் வைத்திருந்த பிளாஸ்க் இதே வேலையைச் சுழியம் யூனிட்டில் செய்தது. ஒருமுறை கொதிக்க வைத்து ஊற்றி மூடினால் மாலைத் தேநீர் வரை தாங்கும்.

அந்த மாணவி கையுயர்த்தி, "எங்கள் வீட்டில் தெர்மோ பாட் இருக்கிறது டீச்சர், அப்பா வாங்கினார்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, பெருக்கச் சொன்னேன். 380-இல் 30 போனால் 350. அந்த எல்லைக்குள் வந்துவிட்டால் கழிவு 17 சென்னிலிருந்து 21 சென்னாக உயர்கிறது. அதுவும் எல்லா யூனிட்டுக்கும். பில் 82 ரிங்கிட். ஒரு பிளாஸ்க்கினால் மாதம் 22 ரிங்கிட்! அவள் இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். விடை மாறவில்லை.

சக ஆசிரியர்களே, உங்களிடம் ஒரு வழக்கு. இந்த ஒரு பாடவேளையில் பிள்ளைகள் தசமம் பெருக்கினார்கள், பில் படித்தார்கள், மலாயில் இருந்த பில்லைத் தமிழில் விளக்கினார்கள், அறிவியலில் ஆற்றல் மாற்றம் பேசினார்கள். சுவரொட்டிப் போட்டியில் என்ன கற்றார்கள்? விளக்குக்குக் கண்ணீர் வரையக் கற்றார்கள். 'பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை' என்று சொல்வீர்கள். நானும் பயிற்சிக் கழகத்திலிருந்து வந்த நாள் முதல் அதைத்தான் சொல்லி வருகிறேன். ஆயினும் போட்டிக்கு வண்ணத்தாள் வெட்ட நமக்கு இரண்டு வாரம் கிடைக்கிறதே, எப்படி? 'பெற்றோர்கள் பில்லைக் காட்டத் தயங்குவார்கள்' என்று ஒருவர் சொன்னார். அது நியாயமான கவலை. தயங்குவோரின் பிள்ளைகளுக்கு என் வீட்டுப் பில்லைக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் குளிரூட்டி எவ்வளவு ஓடுகிறது என்பது இப்போது ஐந்தாம் ஆண்டு முழுவதற்கும் தெரியும்.

தவணைத் தேர்வு அறிக்கை பெறும் நாளில் அந்த மாணவியின் தந்தை வந்திருந்தார். பகல் முழுதும் லாரி ஓட்டுகிறவர்; பகையாளி அல்லர். மகளின் மதிப்பெண்களைப் பார்த்துக் கையெழுத்திட்டார். எழுந்தவர் மீண்டும் உட்கார்ந்து, "டீச்சர், அந்த மீட்டரை ஒரு வாரத்துக்குக் கொடுப்பீங்களா? வீட்டுல எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துடணும்" என்றார். கொடுத்தேன். குக்கர் அலமாரியிலிருந்து இறங்கியதா என்று கேட்க வாயெடுத்தேன். மகள் பக்கத்தில் நின்றதால் கேட்கவில்லை. மறுநாள் அவளே சொன்னாள்: இறங்கிவிட்டதாம், அம்மா இப்போது ஐந்து மணிக்கு எழுகிறாராம்.

அந்த மீட்டர் இன்னும் எனக்குத் திரும்பி வரவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து அண்டை வீட்டுக்கும், அங்கிருந்து மேல்மாடிக்கும் போய்விட்டதாகக் கேள்வி. பள்ளிக்கு இன்னொன்று வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் ஐம்பது ரிங்கிட் கேட்டு எழுதியிருக்கிறேன்.